வாலில் உட்கார்ந்த விமானம்

என் கணவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் எந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஓடும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் மனிதர் என்பதால், வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவரால் நிறுத்த முடிவதில்லை. கதவுக் கீல் முனகினால் சொல்வார். டீ கொஞ்சம் ஆறியிருந்தால் சொல்வார். என் தங்கை கணவரின் மீசை இடப்பக்கம் சற்றுக் கூடுதலாக இறங்கியிருக்கிறது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த மனிதர் அடுத்த தடவை மீசையே இல்லாமல் வந்தார். இவர் சொல்வது பெரும்பாலும் சரியாக வேறு இருந்து தொலைக்கும். அதுதான் கூடுதல் எரிச்சல்.

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பிளாஸ்டிக் மாடல். பெட்டிக்குள் ஒரு விமானமோ கப்பலோ துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, ராவி, பசை தடவி ஒட்டி, வண்ணம் பூசினால், முழங்கை நீளத்துக்குள் அசல் போலவே ஒன்று எழுந்து நிற்கும். இந்தப் பெட்டிகளை அவர் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாங்கிச் சேர்க்கிறார். எங்கள் வீட்டில் நல்ல ஜன்னல் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். அதில் தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். வெயில் பட்டால் பெட்டியின் படம் வெளிறிவிடும் என்று அந்த நல்ல ஜன்னலுக்கும் கறுப்புத் திரை. நான் பார்த்து ஒரு பெட்டியைக்கூட அவர் திறந்ததில்லை. ரிட்டயர் ஆன பிறகு நிதானமாகக் கட்டுவாராம்.

ஆனாலும் அவர்தான் மாடல் சங்கத்தின் நிரந்தர நடுவர். வருடாவருடம் நடக்கும் கண்காட்சியில் எல்லோரும் தாங்கள் கட்டியதைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். இவர் டார்ச் எடுத்துக்கொண்டு மண்டி போட்டு, தேவைப்பட்டால் மல்லாந்து படுத்து, விமானங்களின் அடிவயிற்றைப் பார்ப்பார். எந்த ரகத்துக்கு எந்த இடத்தில் ஆணி வரிசை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இவர் கையால் பரிசு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். வாங்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் கட்டிய ஒன்றைக் காட்டுங்களேன் என்று கேட்கும் தைரியம் மட்டும் சங்கத்தில் யாருக்கும் வந்ததில்லை.

நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். நான் அதை வைத்து ஈறும் பல்லுமாகச் செய்து திருப்பி அனுப்புவேன். ஊரில் பாதிப் பெரிய மனிதர்களின் புன்னகை என் கையால் ஆனது. அவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். எங்கள் முதலாளி லேபை ஊர்க் கோடிக்கு மாற்றி, தன் மருமகனை மேனேஜராகப் போடப்போவதாக அறிவித்தார். அந்த மருமகன் மேல்தாடை எது, கீழ்த்தாடை எது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆள். அவருக்குக் கீழே கைகட்டி நிற்க என்னால் ஆகாது.

வீட்டிலேயே மேஜை போட்டு உட்காருங்கள், நாங்கள் வேலை அனுப்புகிறோம் என்று எனக்குப் பழக்கமான டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மேஜை இருந்தது, மோட்டார் இருந்தது. அறைதான் இல்லை. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் பல், வாயில் போய் உட்கார்ந்ததும் மஞ்சளாகிப் பல்லைக் காட்டும். எனக்கு ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னல் வேண்டும். கேட்டேன். பெட்டிகள் எங்கே போகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். வயதான பெற்றோரை வீட்டை விட்டு விரட்டச் சொன்னது போல இருந்தது அவர் முகம். கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

அப்படி நான் வயிற்றெரிச்சலோடு இருந்த நாளில்தான் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். என் கணவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார். ரொம்ப நல்ல மாதிரி. ஆனால் மனதுக்குள் ஒரு புண் உண்டு. அவர் கட்டும் கப்பல்களுக்கு என் கணவர் ஒரு தடவைகூடப் பரிசு கொடுத்ததில்லை. போன வருடம் கொண்டுவந்த கப்பலில் கொடி ஒரு பக்கம் பறக்கிறது, புகை இன்னொரு பக்கம் போகிறது என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

பேச்சு அந்த அறையின் மகாராணியைப் பற்றித் திரும்பியது. பழைய ஜெட் போர் விமானம் ஒன்றின் பெட்டி. எனக்குக் கிட்டத்தட்ட அக்கா வயது. கம்பெனி மூடி எத்தனையோ காலமாகிறது. மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாதது. செயலாளர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, இதைக் கட்டினால் எப்படி இருக்கும் என்று பெருமூச்சு விட்டார். என் கணவர் சிரித்தார். அது தேய்ந்துபோன அச்சில் வார்த்தது, உடம்பின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேராது, இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் நாணயமே நுழையும், வாங்கியவன் எல்லாம் பாதியில் குப்பையில் போட்டான், அதனால்தான் இன்றைக்கு இது அபூர்வம் என்று நீட்டி முழக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இத ஒரு ஆள் கட்டி, நானே அதுக்குப் பரிசு குடுக்கற மாதிரி இருந்துச்சுன்னா, அந்த ரூமையே காலி பண்ணிக் குடுத்துடறேன்," என்றார்.

நான் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றேன். "யாரு கட்டினாலுமா?"

"யாரு கட்டினாலும்."

"எந்தப் பரிசா இருந்தாலுமா?"

"எந்தப் பரிசா இருந்தாலும். அதான் நடக்கவே நடக்காதே," என்று டீயை எடுத்துக்கொண்டார். ஆறியிருக்கிறது என்றும் சொன்னார்.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கொடிக்கும் புகைக்கும் பழி வாங்க ஒரு வழி திறந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்காட்சியில் நடுவர் தீர்ப்புச் சொல்லும்வரை மாடல்களுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. எண் கொடுப்பது செயலாளர்.

மறுநாள் என் கணவர் லிஃப்டுகளைப் பார்க்கப் போனதும் நான் மகாராணியை இறக்கினேன். மெழுகு செதுக்கும் கத்தியால் அடிப்பக்கத்து உறையை மடிப்போரமாகக் கீறி, உள்ளே இருந்ததை எல்லாம் உருவினேன். பெட்டியைக் காலியாக வைக்க முடியாது. வாரம் ஒரு தடவை தூசி தட்டும்போது அவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். எடையும் சத்தமும் சரியாக இருக்க வேண்டும். லேபில் பழைய பிளாஸ்டர் அச்சுகள் குவிந்து கிடக்கும். அதில் சின்னச் சின்னத் தாடைகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, எடை சரியாகும்வரை நிரப்பினேன். கத்தியைச் சூடு காட்டி உறையை உருக்கி ஒட்டினேன். நானே தேடினாலும் கீறல் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே யாரோ நாலைந்து பேரின் தாடைகள் கடகடவென்றன. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எல்லாம் அப்படியே இருக்கு," என்று திருப்தியாக மேலே வைத்தார். நான் சமையலறைக்குப் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

லேபில் மதியச் சாப்பாட்டு நேரம் என்னுடையது. எல்லோரும் வெளியே போனதும் என் மேஜையில் போர் விமானம் வந்துவிடும். பிரித்துப் பார்த்தபோதுதான் என் வீட்டுக்காரர் சொன்னதில் பொய்யே இல்லை என்று தெரிந்தது. பிளாஸ்டிக் காய்ந்து, நறுக்கினால் உடையும் பதத்தில் இருந்தது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பிசிறு. உடம்பின் இரண்டு பாதிகளில் ஒன்று மற்றதைவிட ஒரு நூல் நீளம். செய்முறைத் தாள் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் இருந்தது. படம் மட்டும் புரிந்தது.

ஆனால் சேராத இரண்டைச் சேரவைப்பதுதான் என் பிழைப்பே. மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே இடிக்கின்றன என்று பார்க்க, கடித்தால் நீலம் ஒட்டும் ஒரு தாள் உண்டு. உடம்பின் இரண்டு பாதிகளுக்கு நடுவே அதை வைத்து அமுக்கினேன். இடிக்கும் இடமெல்லாம் நீலப் புள்ளி. அந்தப் புள்ளிகளை மட்டும் ராவினேன். மறுபடி தாள், மறுபடி ராவல். இறக்கைக்கும் அதே வைத்தியம். மோட்டாரை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால் ஊர்கிற வேகத்தில் ஓட்டினேன். கடைசியில் இறக்கை போய் உட்கார்ந்தது பாருங்கள், அளவெடுத்துச் செய்த பல் ஈறில் உட்கார்வது போல, ஒரு சின்ன 'க்ளுக்'. மூடியிருந்த லேபில் நான் தனியாக ஒரு குத்தாட்டம் போட்டேன்.

விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி, கீறல் விழுந்து புகை பிடித்தது போல இருந்தது. பல் செட்டை மினுக்கும் பசையைத் தொட்டுத் தேய்த்தேன். இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்கும் அளவுக்குத் தெளிந்துவிட்டது. இறக்கையில் ஒட்டும் முத்திரைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டேன், அவை தூள் தூளாகிக் கிண்ணத்தில் மிதந்தன. அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள், பல்லுக்குக் காவிக் கறை தீட்டும் ஒற்றை முடித் தூரிகையை எடுத்து, அத்தனை முத்திரைகளையும் கையாலேயே எழுதினேன். யார் பல்லிலோ புகையிலைக் கறையை அசல் போலத் தீட்டிப் பழகிய கை என்றைக்குப் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்.

செயலாளர் வண்ணம் அடிக்கும் கருவியையும் இடுக்கை அடைக்கும் பட்டி விழுதையும் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் லேபுக்குள் தலையை நீட்டி, விமானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒரு நாள் முதலாளி வந்து பார்த்துவிட்டார். இது எந்த டாக்டர் அனுப்பியது என்று கேட்டார். நானும் சளைக்காமல், விமானப் படை ஆஸ்பத்திரி என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கண்காட்சிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மூன்று சக்கரங்களையும் ஒட்டி, காய்ந்ததும் மேஜையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் சாய்ந்து, வால் மேல் உட்கார்ந்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன். உட்கார்ந்தது. கும்பிட்டுக் கேட்டேன். அப்போதும் உட்கார்ந்தது. செய்முறைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தால், மூக்குக்குள் ஒரு கறுப்பு உருண்டை வரைந்து அம்புக்குறி போட்டிருக்கிறான். அது எடை. மூக்கில் கனமாக ஏதாவது வைத்துவிட்டுத்தான் உடம்பை ஒட்ட வேண்டுமாம். நான் அதை ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். மாடல் கட்டுகிறவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவை செய்யும் தப்பு இது என்று செயலாளர் போனில் சொன்னார். அந்த ஒரு தடவை இப்போதுதான் வர வேண்டுமா என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

உடம்பைப் பிளந்தால் எல்லாம் போச்சு. வழி ஒன்றுதான். முன் சக்கரம் மடங்கி உள்ளே போகும் பள்ளத்தில் சின்னதாக ஓட்டை போட்டு, அது வழியாக மூக்குக்குள் கனத்தை ஏற்ற வேண்டும். வார்ப்பு வேலையில் மிஞ்சிய உலோகத் துணுக்குகள் என் டிராயரில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். அவை உருளாமல் பிடிக்க ஏதாவது வேண்டுமே. கைக்கெட்டியது ஈறு செய்யும் பொடியும் நீர்மமும்தான். அந்த நீர்மம் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், இறுகும்போது சூடும் ஏறும். மொத்தமாக ஊற்றினால் மூக்கு மெழுகுவர்த்தி ஆகிவிடும். அதனால் பிசைந்த மாவு பதம் வரும்வரை காத்திருந்து, துளித் துளியாக உள்ளே அடைத்து, ஒவ்வொரு துளி ஆறிய பிறகு அடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். கையை எடுத்தேன். விமானம் மூன்று காலில் ஜம்மென்று நின்றது. ஓட்டையின் மேல் பெயின்ட் பூசினேன், ஊதிக் காய வைத்தேன், டப்பாவில் வைத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நூலக மண்டபம். நான் பார்வையாளராகப் போயிருந்தேன். வருடத்தில் ஒரு நாளாவது என் பொழுதுபோக்கைப் பார்க்க வருகிறாயே என்று இவருக்கு ஒரே சந்தோஷம். கலைக்களஞ்சியங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால், இடுக்கு வழியாக மேஜை தெரியும்படி நின்றுகொண்டேன். இவரோடு இன்னொரு நடுவர், பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர். இருவரும் மேஜை மேஜையாக வந்தார்கள். வழியில் ஒரு பீரங்கி வண்டி, ஒரு ஹெலிகாப்டர், சில மனிதர்களின் முகங்கள் எல்லாம் வாடிப் போயின.

விமானத்தின் முன்னால் வந்ததும் இவர் நின்றுவிட்டார். ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பெட்டி வீட்டில் என்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னொன்று ஊரில் யாரிடம் இருந்தது, யார் கட்டியது என்று குழந்தை மாதிரிக் கேட்டார். பிறகு பையில் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து, இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில் விளிம்பை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மறுபக்கம் பார்த்தார். அங்கும் நுழையவில்லை. நாணயத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் அறையே மறந்துபோயிற்று. இருபது வருடமாக நான் என்ன செய்தாலும் இந்த மனிதர் இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

பிறகு டார்ச்சை எடுத்து மல்லாந்து படுத்தார்.

நான் பெயின்ட் பூசியது எனக்குத் தெரிந்த இடத்தில். இவர் பார்ப்பது யாருக்கும் தெரியாத இடத்தில். சக்கரத்தின் தண்டுக்குப் பின்னால், பள்ளத்தின் உள்மூலையில் கொஞ்சம் ஈறு, அசல் ஈறு நிறத்தில், ரோஜா நிறமாக எட்டிப் பார்த்திருக்கிறது. உலகத்தில் எந்தப் போர் விமானத்துக்கும் அந்த நிறம் கிடையாது. எங்கள் வீட்டில் என் வேலைத் துணியில், என் நகக்கண்ணில், சில சமயம் குளியலறை சோப்பில்கூட அந்த நிறம் உண்டு. டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. ஓவிய ஆசிரியர் குனிந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்தார்.

இவர் எழுந்தார். மண்டபத்தை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். நான் கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். மேலே பெயின்ட் பூசாமல் விட்ட பட்டி இவர் அகராதியில் பெரிய குற்றம். இதைவிடச் சின்னதற்கெல்லாம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதையே சாக்காக வைத்து இப்போது தள்ளினால் ஒருவரும் ஏன் என்று கேட்க முடியாது. பெட்டிகளும் காப்பாற்றப்படும், கௌரவமும் காப்பாற்றப்படும். நான் ஊர்க் கோடிக்கு பஸ் ஏறி, மருமகனுக்கு மேல்தாடை எது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். உட்கார இடமில்லாமல் கலைக்களஞ்சியத்தின் அகர வரிசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பை எப்போதும் இவர்தான் மைக்கில் சொல்வார். மூன்றாவது பரிசு ஒரு பழைய ரயில் எஞ்சினுக்குப் போனது. பிறகு தொண்டையைச் செருமினார். இரண்டாம் பரிசு என்று சொல்லி விமானத்தின் எண்ணைப் படித்தார். இப்படி ஓர் இறக்கையைத் தான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை என்றார். முத்திரைகள் கையால் எழுதியவை என்று தெரிந்தபோது மயிர்க்கூச்செறிந்தது என்றார். முதல் பரிசே கொடுக்க வேண்டியது, ஆனால் முன் சக்கரப் பள்ளத்தில் ரோஸ் கலர் தெரிகிறது என்றார். கட்டியவர் யாரோ, அடுத்த தடவை கவனமாக இருக்கட்டும் என்று முடித்தார். முதல் பரிசு, கொடியும் புகையும் இந்த வருடம் ஒரே பக்கம் போன ஒரு கப்பலுக்கு. செயலாளர் மேடைக்கு ஓடிவந்த வேகத்தில் மைக் கம்பி தடுக்கி விழப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே அவருக்குக் கூச்சம்.

அறை கிடைத்துவிட்டது. ஆனந்தக் கூத்தாடியிருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விமானம் என் மடியில், டப்பாவுக்குள். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ரெண்டாவதா? உள்ள, மூலையில, ஒரு கடுகளவு ரோஸ் தெரிஞ்சதுக்கா?"

"கடுகவிடப் பெருசு," என்றார்.

"மனுஷன் மல்லாந்து படுத்தாத்தான் தெரியும் அது."

"நான் படுப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்படியானால் பரிசே கொடுக்காமல் விட்டிருக்கலாமே, உங்களுக்கு அறையாவது மிஞ்சியிருக்குமே என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"விட்டிருக்கலாம். அந்த எறக்கையப் பாத்த பிறகு எப்படி விடறது?" என்றார்.

எனக்கு அதற்கு மேல் சண்டை போட வரவில்லை. வீடு சேர்ந்ததும் அவர் நேராகப் போய் மகாராணியை இறக்கி, உறையைத் தானே கிழித்தார். மூடியைத் திறந்ததும் பல்வரிசை பல்வரிசையாகத் தாடைகள் அவரைப் பார்த்துச் சிரித்தன. அவர் ஒரு தாடையைக் கையில் எடுத்து, இது யார் என்று கேட்டார். பெயர் நினைவில்லை, ஆனால் கடைவாய்ப் பல் இரண்டு இல்லாத ஆள் என்றேன். இதைத்தான் வாராவாரம் குலுக்கிக்கொண்டிருந்தேனா என்றார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, மூக்கு வழியாகப் பீறிட்டது. இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சொன்ன சொல் தவற மாட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெட்டிகளை எடுக்க ஆரம்பித்தார். கூடம், கட்டிலடி, பீரோவின் தலை, குளியலறைக்குப் போகும் வழி என்று வீடு முழுக்கப் பெட்டிகள். கறுப்புத் திரையை நான் இழுத்துக் கழற்றினேன். அந்த அறைக்கு அவ்வளவு வெளிச்சம் வரும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. மேஜை இங்கே, மோட்டார் அங்கே என்று நான் நடந்து அளந்துகொண்டிருந்தேன். அவர் கடைசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றார். ஒரு சின்ன விமானம், மலிவான பெட்டி.

"எனக்குக் கட்ட வராது," என்றார்.

நான் நின்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று கட்டினாராம். கண்ணாடி மூடியை ஒட்டும்போது பசைக் கை பட்டு, அவர் ரேகையே அதில் பதிந்துவிட்டதாம். அதைப் பார்க்கச் சகிக்காமல் தூக்கிப் போட்டவர், அதன் பிறகு எதையும் திறக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு என்று சொல்வதெல்லாம் சும்மா சொல்வது என்றார்.

"தப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியுது. கை வர மாட்டேங்குது. நேத்து உன்னோடதப் பாத்ததும் எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

இந்த மனிதரை ஜெயிக்க வேண்டும் என்றுதான் இத்தனை மாதம் குதித்தேன். ஊரே பயப்படும் நடுவர் இத்தனை பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். பாவமாக இருந்தது. அதை அவரிடம் காட்டினால் அதிலும் ஏதாவது குறை சொல்வார் என்பதால், அவர் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி, என் கத்தியால் உறையைச் சர்ரென்று கிழித்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சட்டத்தோடு இறக்கையை எடுத்து ஒரு கையிலும், நறுக்கும் கருவியை மறு கையிலும் திணித்து, ஜன்னலடியில் தரையில் உட்கார வைத்தேன்.

"உடைஞ்சுட்டா?"

"உடைஞ்சா ஒட்டிக்கலாம். ஒட்டத்தான இந்த ரூமையே வாங்கியிருக்கேன்," என்றேன்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கினார். துண்டு தெறித்து எங்கேயோ பறந்தது. இருவரும் மண்டி போட்டுத் தேடினோம். அறை காலியாக இருந்ததால் உடனே கிடைத்துவிட்டது.